தில்லையாடியில் இறங்கியவர்

நவம்பர் 6
அப்பாவுக்குச் சுகர் 286. இறங்கினால்தான் இடுப்பு ஆபரேஷன்.

நவம்பர் 7
அப்பாவின் கண்ணாடிக் கூட்டுக்குள் ஒரு பழைய அட்டை டிக்கெட். ஓரமெல்லாம் நைந்து பஞ்சாகிவிட்டது. டி.டி.ஆர். கத்தரித்த ஓட்டை ஒன்று. 'தில்லை' மட்டும் படிக்க முடிகிறது. எடுத்து வைக்கப் போனேன். "தொடாதம்மா, இறங்கும்போது கேட்பான்" என்றார்.

எங்கே இறங்குவது? மாயவரம் - தரங்கம்பாடி மீட்டர் கேஜ் ரயில் 1986-லேயே நின்றுபோச்சு.

நவம்பர் 8
மழை. ராயபுரம் கல்மண்டபத்தில் முழங்கால் தண்ணீர். ரசம் சாதம் கொண்டுபோனேன், தொடவில்லை.

நவம்பர் 9
ராத்திரி முழுக்க அப்பாவுக்குத் தூக்கமில்லை. மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையார். திரும்பத் திரும்ப. ஒன்றுகூட முன்பின் மாறவில்லை. காலையில் சாப்பிட்டது என்ன என்று கேட்டால் தெரியாது. "உங்கப்பா ஸ்டேஷன் மாஸ்டரா?" என்றார் பக்கத்துக் கட்டில்காரர். இல்லை, தண்டவாளம் மாற்றிவிடும் பாய்ண்ட்ஸ்மேனின் மகன்.

அப்புறம் காந்தி கதை. வள்ளியம்மையின் பூர்வீக ஊரைப் பார்க்க வந்த காந்தி தில்லையாடி ஸ்டேஷனில்தான் இறங்கினாராம், தாத்தாதான் கொடி காட்டினாராம். ஸ்கூலில் நானே இதைச் சொல்லிப் பீற்றியிருக்கிறேன். இன்றைக்கு வேலையற்றுப்போய் போனில் தேடினேன். காந்தி வந்தது 1915. அந்த 30 கிலோமீட்டர் லைன் போட்டது 1926. பதினோரு வருஷம் இடிக்கிறது. அப்பா முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது, நான்தான் எதையோ திருடிவிட்ட மாதிரி.

நவம்பர் 10
240.

நவம்பர் 11
தம்பியிடம் சொன்னேன். "இப்ப இதுதான் முக்கியமா?" என்று போனை வைத்துவிட்டான். முக்கியம்தான். கதை விட்டது தாத்தாவா, அப்பாவா?

நவம்பர் 13
ராயபுரம் ஸ்டேஷன் வழியாக நடந்து வந்தேன். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது. முப்பது வருஷமாக இதே பேட்டையில் இருந்தும் அப்பா அந்தத் தூண்களை நிமிர்ந்து பார்த்ததில்லை. "நம்ம ஸ்டேஷன் காத்து வராது" என்பார். கடல் கூப்பிடு தூரத்தில்!

நவம்பர் 14
172. நாளைக் காலை ஆபரேஷன். கையெழுத்துப் போட்டேன்.

சாயந்திரம் தெளிவாக இருந்தார். கேட்டேவிட்டேன். சிரித்தார்.

"எனக்குத் தெரியாதா? அந்த ஸ்டேஷன்ல வாழைத்தாரும் முட்டைக் கூடையும்தான் இறங்கும். காந்தியாவது இறங்கட்டுமேன்னு விட்டேன்."

நவம்பர் 15
ஏழரைக்கு உள்ளே கொண்டுபோனார்கள். கண்ணாடிக் கூட்டை சிஸ்டர் என்னிடம் கொடுத்தார். மணி பத்தாகிறது.