துபாசியின் குரல்

முப்பத்தோரு வருஷம் கோர்ட்டில் தமிழுக்கும் மலாய்க்கும் நடுவே நின்று பேசிப் பிழைத்தவன் நான். எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. கூண்டில் நிற்பவர் ‘நான்’ என்றால் நாமும் ‘நான்’ என்றுதான் சொல்ல வேண்டும்; ‘அவர் சொல்கிறார்’ என்று நழுவக் கூடாது. ‘நான்தான் வெட்டினேன்’ என்று எத்தனை பேருக்காகச் சொல்லியிருப்பேன்! சாயங்காலம் வீட்டுக்கு வந்து தலைக்கு ஊற்றிக்கொண்டால் எல்லாம் போய்விடும் என்று நினைத்துக்கொள்வேன்.

அதனாலோ என்னவோ, எரிக் லோமாக்ஸின் கதையை யார் பேசினாலும் என் மனசு அதிலிருந்த மொழிபெயர்ப்பாளரிடமே போகிறது.

லோமாக்ஸ் எடின்பரோக்காரர். சின்ன வயசிலிருந்தே ரயில் பைத்தியம். பிரிட்டிஷ் ராணுவத்தின் சிக்னல் பிரிவில் அதிகாரியாக இருந்தவர், 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தபோது ஜப்பானியரிடம் கைதியானார். கடைசியில் ஆசைப்பட்ட ரயில் பாதைக்கே கொண்டுபோய்விட்டார்கள், கைதியாக. சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே ஜப்பான் ராணுவம் போட்ட பாதை, 415 கிலோமீட்டர். 60,000 கைதிகளுக்கு மேல் அதில் வேலை செய்தார்கள். 12,000 பேருக்கு மேல் திரும்பவில்லை. எங்கள் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் எத்தனை பேர் என்று ஒழுங்காக எழுதிவைக்கக்கூட ஆளில்லை. என் தாத்தாவின் அண்ணன் அதில் ஒருத்தர். ‘சயாமுக்குப் போனார்’ என்பதோடு வீட்டில் அவர் கதை முடிந்துவிடும்.

சயாமில் அந்தப் பாதையோரம் இருந்த காஞ்சனபுரி முகாமில் லோமாக்ஸும் கூட்டாளிகளும் ரகசியமாக ஒரு ரேடியோ செய்து வைத்திருந்தார்கள். 1943-இல் அது பிடிபட்டது. அடித்த அடியில் இரண்டு அதிகாரிகள் செத்தே போனார்கள். லோமாக்ஸுக்கு இரண்டு கையும் உடைந்தது. ரயில் பாதையை வரைபடமாகவும் வரைந்து வைத்திருந்தார். அது வேறு அகப்பட்டதில் ராணுவப் போலீஸ் விசாரணை நாள்கணக்கில் நீண்டது. குழாயை முகத்தில் பிடித்து மூச்சடைக்கத் தண்ணீர் விட்டார்கள். பக்கத்தில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தவர் நகாசே தகாஷி.

அடித்தவர்களை விட இந்த நகாசேயைத்தான் லோமாக்ஸ் அதிகம் வெறுத்தார். எனக்கு இது உடனே புரிந்தது. அந்த அறையில் அவருக்கு விளங்கிய ஒரே குரல் அதுதானே. மற்றதெல்லாம் வெறும் சத்தம்.

போர் முடிந்தும் அந்தக் குரல் விடவில்லை. தூக்கத்தில் வந்தது. பேச்சே அற்றுப்போய் நாள்கணக்கில் இறுகிக் கிடப்பாராம். அப்படி நாற்பது வருஷத்துக்கும் மேல். 1989-இல் நண்பர் ஒருவர் கொடுத்த பத்திரிகைத் துணுக்கில் நகாசேயின் படம் இருந்தது. உயிரோடுதான் இருந்தார். போர் முடிந்ததும் ரயில் பாதை நெடுக, செத்துப்போன கைதிகளின் கல்லறைகளைத் தேடிய குழுவுக்கு மொழிபெயர்க்கப் போனவர். அதற்கப்புறம் திரும்பத் திரும்பத் தாய்லாந்துக்கு வந்து, காஞ்சனபுரியில் அந்தப் பாதையின் குவாய் ஆற்றுப் பாலத்தின் பக்கத்தில் ஒரு புத்தர் கோயிலும் கட்டியிருந்தார். தன் நினைவுகளைச் சின்னப் புத்தகமாக எழுதியிருந்தார். வரைபடத்தோடு பிடிபட்ட ஒரு கைதியைத் தன்னால் மறக்க முடியவில்லை என்று அதில் இருந்தது. காஞ்சனபுரிக் கல்லறையில் நின்றபோது தனக்கு மன்னிப்புக் கிடைத்ததாக உணர்ந்தாராம்.

இதைப் படித்ததும் லோமாக்ஸின் மனைவி பாட்ரீசியாவுக்கு வந்ததே கோபம்! சம்பந்தப்பட்ட கைதி இன்னும் மன்னிக்காதபோது நீங்கள் எப்படி மன்னிக்கப்பட்டதாக உணரலாம் என்று 1991-இல் நகாசேவுக்கே கடிதம் போட்டுவிட்டார். இந்தக் கதையில் எனக்குப் பிடித்த ஆள் அந்த அம்மாதான்.

நகாசேயின் பதிலை எதிர்பார்த்து நான் கொஞ்சம் பயத்தோடுதான் படித்தேன். ‘நான் மொழிபெயர்க்க மட்டும்தான் செய்தேன்’ என்று எழுதியிருப்பாரோ என்று. நானாக இருந்தால் அதைத்தான் எழுதியிருப்பேன். அவர் எழுதவில்லை. அந்தக் கடிதம் தன்னைக் குத்திப்போட்டது என்று ஒத்துக்கொண்டு, பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தார்.

1993 மார்ச்சில் குவாய் பாலத்தருகே சந்தித்தார்கள். ஒரு காலத்தில் அந்த ஆள் கையில் கிடைத்தால் கொன்றுவிட வேண்டும் என்றிருந்தவர் லோமாக்ஸ். ஆனால் எதிரே வந்தவர் நடுங்கிக்கொண்டே குனிந்து வணங்கிய சின்ன உருவக் கிழவர். மன்னிப்பும் அன்றைக்கே கைமேல் கிடைத்துவிடவில்லை. அதே பயணத்தில் ஜப்பானுக்கும் போய், டோக்கியோவில் ஒரு ஹோட்டல் அறையில் இரண்டு பேரும் தனியாக இருந்தபோதுதான் லோமாக்ஸ் எழுதி எடுத்து வந்த கடிதத்தைக் கொடுத்தார். நடந்ததை மறக்க முடியாது, ஆனால் முழுக்க மன்னித்துவிட்டேன் என்று. 2011-இல் நகாசேயும் அடுத்த வருஷம் லோமாக்ஸும் போய்ச் சேர்ந்தார்கள்.

போன வருஷம் காஞ்சனபுரி போயிருந்தேன். கைதிகள் கல்லறைத் தோட்டத்தில் வரிசை வரிசையாகப் பெயர்கள். இங்கே இருக்காது என்று தெரிந்தும் பெரிய தாத்தாவின் பெயரைத் தேடிக்கொண்டு நடந்தேன். அப்புறம் பாலத்தடியில் ஒரு இளநீர் வாங்கிக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அங்கேதான் லோமாக்ஸ் முதல் வார்த்தை பேசியது ஞாபகம் வந்தது. காலை வணக்கம் நகாசே-சான், எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். ஜப்பானிய மொழியில்.