கழிப்பறைக் கதவில் ஒரு சாம்பல் கிண்ணம்

விமானக் கழிப்பறையில், புகைபிடிக்கக் கூடாது என்னும் குறியீட்டுக்கு அருகிலேயே, விரலால் இழுத்தால் திறக்கும் சிறிய உலோகச் சாம்பல் கிண்ணம் ஒன்று இன்றும் பொருத்தப்பட்டிருக்கிறது. தடை வந்த பிறகும் அது நீடிப்பதற்குக் காரணம் உண்டு. 1973 ஜூலையில் பாரிஸின் ஓர்லி விமான நிலையத்தை நெருங்கிக்கொண்டிருந்த, பிரேசிலின் வாரிக் நிறுவன விமானத்தின் பின்பக்கக் கழிப்பறையில் தீப்பிடித்தது. விமானி வயல்வெளியில் தரையிறக்கியும் 123 பேர் இறந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோரின் உயிரைப் பறித்தது நெருப்பன்று, புகைதான். குப்பையில் எறியப்பட்ட சிகரெட் துண்டிலிருந்து தீ பரவியிருக்கலாம் என்ற சந்தேகம் வலுவாக எழுந்ததால், கழிப்பறைக்குள் புகைபிடிக்கத் தடை விதித்த அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம், கிண்ணத்தையும் கட்டாயமாக்கியது. சட்டத்தை மீறுபவர்கள் இருக்கவே செய்வார்கள் என்பதை ஒப்புக்கொண்டு, அந்த மீறலால் மற்றவர்கள் சாகாமல் பார்த்துக்கொள்ளும் இந்த அணுகுமுறையை நான் மதிக்கிறேன்.

ஆனால் கழிப்பறைக்கு வெளியே புகை தொடர்ந்தது. பின்வரிசைகளைப் புகைப்பவர்களுக்கு ஒதுக்கிவிட்டால் மற்றவர்களுக்குத் தொல்லை இல்லை என்று பல ஆண்டுகள் நம்பவைத்தார்கள். ஒரே காற்று சுற்றிவரும் மூடிய குழலுக்குள் வரிசை எண்ணைப் பார்த்து எந்தப் புகையும் நின்றுவிடுவதில்லை. பயணி சில மணி நேரத்தில் இறங்கிவிடுவார். உணவுத் தட்டுகளுடன் அந்த வரிசைகளுக்கிடையே நாள்தோறும் நடந்த பணிப்பெண்களுக்கு அந்தப் புகையே பணியிடமாக இருந்தது. அவர்கள் 1991இல் புகையிலை நிறுவனங்கள் மீது தொடுத்த வழக்கு, 1997இல் 30 கோடி டாலர் ஆய்வு நிதிக்கான உடன்பாட்டில் முடிந்தது. இதற்கிடையில் அமெரிக்கா 1988இல் இரண்டு மணி நேரம் வரையிலான உள்நாட்டுப் பயணங்களிலும், 1990இல் ஏறக்குறைய எல்லா உள்நாட்டுப் பயணங்களிலும், 2000இல் அந்நாட்டுக்கு வந்துபோகும் பன்னாட்டுப் பயணங்களிலும் தடையைக் கொண்டுவந்தது. இப்படித் தவணை முறையில் வந்த தாமதத்தை என்னால் எளிதில் மன்னிக்க முடியவில்லை.

கட்டடங்களிலும் இதே வாதம்தான் எழுந்தது. 2004 மார்ச்சில், மதுக்கூடங்கள் உட்பட மூடிய பணியிடங்களில் நாடு முழுவதும் தடை விதித்த முதல் நாடு அயர்லாந்து. அங்கே பாதுகாக்கப்பட்டது வாடிக்கையாளரின் வசதியைவிட ஊழியரின் நுரையீரல் என்பதே அந்தச் சட்டத்தின் பலம். தனி அறையோ, காற்றோட்டக் கருவியோ, வடிகட்டியோ பிறர் புகையின் பாதிப்பை முழுமையாக நீக்காது என்று அமெரிக்கத் தலைமை மருத்துவரின் 2006ஆம் ஆண்டு அறிக்கை தெளிவாகச் சொன்னது. வடிகட்டி துகள்களைப் பிடிக்கலாம், கார்பன் மோனாக்சைடைப் பிடிப்பதில்லை.

புகைப்பவர்களைக் குற்றவாளிகளாகப் பார்க்கும் எண்ணம் எனக்கில்லை. நிக்கோட்டினின் பிடி எத்தகையது என்பதை விடமுயன்றவர்கள் அறிவார்கள். அவர்களுக்குத் திறந்தவெளியில் இடமும், விடுவதற்கு மருத்துவ உதவியும் கிடைக்க வேண்டும். பல விமான நிலையங்களில் இன்னும் அனுமதிக்கப்படும் கண்ணாடி அறைகளை மட்டும் ஏற்க முடியவில்லை. அவற்றின் கதவு திறக்கும்போதெல்லாம் புகை நடைபாதைக்கு வருகிறது. அவற்றைக் கூட்டித் துடைக்க ஒரு துப்புரவுப் பணியாளர் உள்ளே போயே ஆக வேண்டியிருக்கிறது. அந்தப் புகையிலிருந்து அவரைக் காக்காத வரையில், அந்த நிலையங்களில் சட்டம் பாதிதான் நடைமுறைக்கு வந்திருக்கிறது.