கால்மயிர் மறைக்கும் குதிரை

குட்டையான உறுதியான கால்கள், அகன்ற மார்பு, திரண்ட பின்பகுதி, பெரியவர் ஒருவரை அலுங்காமல் சுமக்கவும் வண்டியொன்றை நாள் முழுவதும் இழுக்கவும் போதுமான வலு ஆகியவை அமைந்த குதிரையைப் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் காப் என்று அழைக்கிறார்கள். அங்குள்ள குதிரைக் கண்காட்சிகளில் காப் பிரிவுக்கு வரும் குதிரையிடம் தாய் தந்தை யார் என்று எவரும் கேட்பதில்லை. உடலமைப்பும் நடையும் பொருந்தினால் போதும். அந்தப் பிரிவில் பிடரி மயிரை ஒட்ட மழித்துவிடுவார்கள், கால்மயிரையும் கத்தரித்துவிடுவார்கள். வாலையும் குட்டையாக வெட்டிவந்தார்கள். அதைப் பிரிட்டனில் 1949ஆம் ஆண்டுச் சட்டம் நிறுத்தியது. இவற்றில் எதையும் வெட்டாமல், முழங்காலுக்குக் கீழேயும் பின்கால் மூட்டுக்குக் கீழேயும் தொடங்கிக் குளம்பை முற்றாக மூடும் நெடுமயிரோடு விடப்படும் குதிரைதான் பாரம்பரிய காப். இந்தக் கால்மயிரை அங்கே ஃபெதர் என்கிறார்கள்.

வடக்கு இங்கிலாந்தில் வேலிக்கு அப்பால் இந்தக் குதிரைகளைப் பார்த்துப் பழகியவன் என்ற முறையில், எனக்கு இவற்றின் வகைப்பெயர்கள் நீண்ட காலம் குழப்பமாகவே இருந்தன. ஒருவர் ஜிப்சி காப் என்பார். இன்னொருவர் ஐரிஷ் காப் என்பார். நெதர்லாந்திலும் ஜெர்மனியிலும் டிங்கர் என்கிறார்கள். அமெரிக்காவில் ஜிப்சி வேனர். இவற்றில் பெரும்பாலானவை ஒரே குதிரைக் குடும்பத்திற்கு வெவ்வேறு பதிவுச் சங்கங்கள் சூட்டிய பெயர்கள் என்பதே என் முடிவு. குதிரையை வகைப்படுத்த வேண்டுமானால், சான்றிதழை ஒதுக்கிவைத்துவிட்டு, அது எந்த வேலைக்காக வளர்க்கப்பட்டது என்பதிலிருந்து தொடங்குவதே நல்லது.

வேலை, வண்டி இழுப்பது. ஜிப்சிகள் என்று பிறர் அழைக்கும் பிரிட்டனின் ரோமானி மக்கள் ஏறத்தாழ 1850 முதல் குதிரை பூட்டிய வீட்டு வண்டிகளில் வாழத் தொடங்கினார்கள். அயர்லாந்தின் நாடோடிச் சமூகத்தினர் ரோமானியரிலிருந்து வேறான மக்கள். அவர்களிடமும் இதே வகைக் குதிரை பின்னர் பரவியது. குடும்பமும் பாத்திரம் பண்டங்களும் அடங்கிய வண்டியை இழுக்கும் குதிரை மிகப் பெரிதாக இருந்தால் சாலையோரப் புல்லைக்கொண்டு அதன் வயிற்றை நிரப்ப முடியாது; மிகச் சிறிதாக இருந்தால் மேட்டில் நின்றுவிடும். ஆகவே நடுத்தர உயரமும், சீரான ஓட்டநடையும், குழந்தைகள் காலுக்கடியில் ஓடினாலும் மிரளாத குணமும் தேவைப்பட்டன. மேட்டில் ஏறும்போது உச்சியை அடையும்வரை நிற்கக் கூடாது என்று குதிரைக்குப் பழக்குவார்கள். நடுவில் நின்றால் மறுபடி வண்டியை நகர்த்துவது பெரும்பாடு. புதிதாகப் பூட்டப்படும் இளங்குதிரை திரும்பிப் பார்த்து, தன் முதுகுக்குப் பின்னால் உயர்ந்து நிற்கும் வண்டியைக் கண்டு மிரளாதிருக்க, அதன் தலையில் பழைய தொப்பி ஒன்றைக் கவிழ்ப்பதும் உண்டு.

இன்று நாம் காணும் தோற்றம் அவ்வளவு பழையதன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகே அது திட்டமிட்டு வளர்க்கப்பட்டது. பண்ணைகளில் டிராக்டர் வந்து ஷயர், கிளைட்ஸ்டேல் போன்ற பெருங்குதிரைகள் வேலையிழந்த காலம் அது. அவற்றின் எலும்பையும் கால்மயிரையும், வடக்கு இங்கிலாந்தின் டேல்ஸ், ஃபெல் மட்டக்குதிரைகளின் அளவையும் சுறுசுறுப்பையும் ரோமானி வளர்ப்பாளர்கள் ஓருடலில் சேர்த்தார்கள். கறுப்பும் வெள்ளையும் கலந்த நிறம் பரவலானதும் அப்போதுதான். தூரத்திலிருந்தே கண்ணில் படும் என்பதால் இராணுவம் அத்தகைய குதிரைகளை விரும்பவில்லை என்றும், அதனால் அவை மலிவாகக் கிடைத்தன என்றும் சொல்வார்கள். டோபியானோ எனப்படும் இந்தத் திட்டு நிறத்திற்கான மரபணு ஓங்கு தன்மை உடையது. தாய் தந்தையரில் ஒருவரிடமிருந்து வந்தாலே குட்டியில் தெரியும். அதனால் சில தலைமுறைகளிலேயே மந்தையின் நிறம் மாறிவிட்டது. திட்டின்றி ஒரே நிறத்தில் இருக்கும் காப்களும் உண்டு. அவை கலப்பினம் என்று நினைப்பது தவறு.

இனி வகைகள். நெதர்லாந்தின் டிங்கர் பதிவேடு மூன்று பிரிவுகளைச் சொல்கிறது: 158 சென்டிமீட்டர் வரை காப், அதற்கு மேல் வேனர், உயரம் எதுவானாலும் மெலிந்த சவாரிக் குதிரைக்குரிய அமைப்பானால் கிராய். நான் பார்த்த பகுப்புகளில் இதுவே பயனுள்ளது, ஏனெனில் உயரத்தோடு உடற்கட்டையும் அது கணக்கில் எடுக்கிறது. அமெரிக்காவில் 1996இல் தொடங்கப்பட்ட ஜிப்சி வேனர் குதிரைச் சங்கம் ஷயர் குதிரையைச் சுருக்கி, தலையை மட்டும் அழகாக்கியதுபோன்ற அமைப்பை இலட்சியமாக வைத்தது. அங்கே வேனர் என்பது முழு இனத்திற்கும் பெயர். ஒரே சொல் அட்லாண்டிக்கின் ஒரு கரையில் உயரப் பிரிவாகவும் மறுகரையில் இனமாகவும் இருந்தால் குழம்பாதவர் யார்?

ஐரிஷ் காப் பற்றி ஓர் எச்சரிக்கை அவசியம். அயர்லாந்தின் வேலைக் காப்களில் ஐரிஷ் டிராஃப்ட் என்னும் வேலைக் குதிரை, கானமாரா என்னும் மட்டக்குதிரை ஆகியவற்றின் இரத்தமும் கலந்திருந்தது; அவற்றுள் பலவற்றுக்குக் கால்மயிர் குறைவு. வெல்ஷ் காப் முற்றிலும் வேறு. அதற்கு 1901இல் தொடங்கிய சங்கமும் வெளி இனக் குதிரைகளைச் சேர்க்காத மூடிய வம்சாவளிப் பதிவேடும் உண்டு. அந்தப் பதிவேட்டில் டி பிரிவு எனப்படும் அந்தக் குதிரை 137 சென்டிமீட்டருக்கு மேல் உயர்ந்து, முழங்காலை உயர்த்தி வீசி ஓடும். கணுக்காலில் சிறிது பட்டுமயிர் இருப்பதைப் பார்த்து அதையும் ஜிப்சி காப் என்று விற்பவர்கள் இருக்கிறார்கள்.

ரோமானி மக்களிடையே கேட்டால் பிரிவு இன்னும் எளிது: கனமான கால்மயிர்க் குதிரை ஒருபுறம், சாலையில் வேகமாக ஓடும் இலகுவான குதிரை மறுபுறம். வடமேற்கு இங்கிலாந்தில், கம்பிரியாவின் ஆப்பிள்பியில் ஆண்டுதோறும் ஜூன் தொடக்கத்தில் கூடும் குதிரைச் சந்தையில் இரண்டையும் ஒருங்கே காணலாம். ஈடன் ஆற்றில் குதிரையை இறக்கி, பாத்திரம் கழுவும் திரவத்தால் கால்மயிரைத் தேய்த்து வெளுப்பார்கள். பிறகு சாலையில் ஓட்டிக் காட்டி விலை பேசுவார்கள். தலைமுறை அறிவுள்ள வாங்குபவர் அந்த நேரத்தில் மயிரைப் பார்ப்பதில்லை. பின்கால் எவ்வளவு முன்னே வந்து ஊன்றுகிறது என்பதைப் பார்ப்பார்.

எனக்குள்ள வருத்தம் இங்கேதான். கடந்த முப்பது ஆண்டுகளில் கண்காட்சியும் ஏற்றுமதியும் கால்மயிரின் அளவுக்கு விலை வைத்தன. வளர்ப்பாளர்களும் அதையே பெருக்கினார்கள். அடர்ந்த மயிருக்கடியில் ஈரம் தங்கும். தோலை அரிக்கும் கோரியாப்டிஸ் என்னும் நுண்ணிய உண்ணி அங்கே பெருகும். குதிரை தரையை உதைத்து உதைத்துக் காலைப் புண்ணாக்கிக்கொள்ளும். அதைவிடக் கொடியது நிணநீர்க் குழாய்கள் செயலிழந்து கால் வீங்கும் நாட்பட்ட நோய். ஷயர், கிளைட்ஸ்டேல், பெல்ஜியப் பெருங்குதிரை ஆகியவற்றைப் போலவே ஜிப்சி காப்பையும் தாக்கும் இது, தோலை மடிப்பு மடிப்பாகத் தடிக்கச் செய்து முடிச்சுகளை உண்டாக்கும், குணமாக்க மருந்தில்லை. மயிரை வெட்டி, காலைக் கழுவிக் காயவைத்து, நாள்தோறும் நடக்கவைத்தால் நோய் முற்றும் வேகத்தைக் குறைக்கலாம். ஆனால் மயிரை வெட்டினால் அவ்வாண்டு கண்காட்சிக்குக் கொண்டுபோக முடியாது என்று தயங்குபவர்கள் இருக்கிறார்கள்.

ஆகவே யாராவது பாரம்பரிய காப் வாங்க விரும்பினால், எந்தச் சங்கத்தின் சான்றிதழ் என்று கேட்பதற்கு முன் நான்கு கால்களிலும் மயிரை விலக்கி, கணுக்காலுக்குப் பின்புறத் தோலை விரல்களால் தடவிப் பார்க்க வேண்டும். மடிப்போ, பொருக்கோ, தொட்டவுடன் காலை இழுப்பதோ இருந்தால், மயிர் தரையைத் தொட்டாலும் அந்தக் குதிரைக்குக் கேட்ட விலையைக் கொடுக்க வேண்டியதில்லை.