ஏசாயா 46: யார் யாரைச் சுமப்பது?

வேதாகமத்தில் ஏசாயா தீர்க்கதரிசியின் புத்தகம் 46-ஆம் அதிகாரத்தை எடுத்தால் எங்கள் பக்கத்துச் சபைகளில் பெரும்பாலும் முதல் இரண்டு வசனத்தோடு முடித்துவிடுகிறார்கள். "பேல் பணியும், நேபோ குனியும்" என்று வாசித்து, சிலை வணக்கத்தை நாலு வார்த்தை கண்டித்துவிட்டு ஜெபத்துக்குப் போய்விடுவார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. மூன்றாம் வசனத்தை விட்டுவிட்டால் அந்த அதிகாரத்தில் என்ன மிச்சம்?

பேல் என்பது பாபிலோனின் தலைமைத் தெய்வம் மர்தூக். நேபோ அவனுடைய மகன், எழுத்துக்குத் தெய்வம், போர்சிப்பா ஊர்க்காரன். பாபிலோனை ஆண்ட நேபுகாத்நேச்சார் பெயரிலும் பெல்ஷாத்சார் பெயரிலும் இருப்பது இந்தத் தெய்வங்களின் பெயர்கள்தான். வருஷப்பிறப்புக்கு இந்தச் சிலைகள் ஊர்வலம் போகும். தீர்க்கதரிசி காட்டுவது வேறு ஊர்வலம்: அதே சிலைகளை இளைத்துப்போன மிருகங்கள் சுமந்துகொண்டு சிறைக்குப் போகின்றன. கி.மு. 539-இல் பெர்சிய ராஜா கோரேசின் படை வருவதற்கு முன், பாபிலோன் ராஜா நபோனிதஸ் கீஷ், மாராத் ஊர்த் தெய்வங்களைப் பாபிலோனுக்குள் கொண்டுவந்து சேர்த்ததாகக் களிமண் பலகைக் குறிப்பு ஒன்று சொல்கிறது. ஆபத்து வந்தபோது தெய்வங்களைத்தான் காப்பாற்ற வேண்டியிருந்தது.

சரி, சொற்களுக்கு வருகிறேன். முதல் வசனத்துச் சுமைக்கு மூலமொழியான எபிரெயத்தில் இரண்டு வேர்கள்: 'நாசா', தூக்குவது, 'ஆமஸ்', பாரம் ஏற்றுவது. மூன்றாம் வசனத்தில் தாயின் வயிற்றிலிருந்தே உங்களைச் சுமந்தேன் என்று தேவன் சொல்லும்போதும் அதே இரண்டு வேர்கள், வரிசை மட்டும் திருப்பி. நம் பழைய மொழிபெயர்ப்பில் அங்கே 'சுமை', இங்கே 'ஏந்தி', 'தாங்கினேன்'. அழகான தமிழ்தான். ஆனால் இரண்டு வசனமும் நேருக்கு நேர் மோதுவது தெரியாமல் போகிறது.

நான்காம் வசனத்தில் 'சாபல்' வருகிறது. வருத்தும் பாரத்தைச் சுமப்பது. எகிப்தில் இஸ்ரவேலர் பட்ட சுமைக்கும் இதே வேர். இன்றைய எபிரெயத்தில் சுமைதூக்குகிறவர் 'சப்பால்'. நான் காவேரிப்பட்டணத்தில் மாங்காய் மண்டியில் கணக்கு எழுதுகிறவன். சீசனில் பெங்களூரா ரக மாங்காய் லாரிக்கு ஏறும்போது லோடுமேன் அண்ணன்களைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். துண்டை நாலாக மடித்துத் தோளில் போட்டு, கிரேட்டை ஏற்றியதும் முழங்காலை லேசாக மடக்கி ஒரு நொடி நிற்பார்கள். பாரம் தோளில் உட்கார்ந்த பிறகுதான் அடி எடுத்து வைப்பார்கள். துண்டை எடுத்தால் அந்த இடம் காய்த்துக் கறுத்திருக்கும். அந்த வேலையைத்தான் தேவன் தம்முடையது என்கிறார், அதுவும் 'நரைவயதுமட்டும்'. ஏழாம் வசனத்தில் அதே சாபல், ஆள் மாறி. மனுஷன் சிலையைத் தோளில் சுமக்கிறான். வைத்த இடத்தைவிட்டு அது அசையாது.

இதை வைத்துப் பக்கத்து வீட்டாரின் சாமியைக் கேலி பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மூன்றாம் வசனம் கூப்பிடுவது யாக்கோபின் வம்சத்தாரை, அதாவது தேவனுடைய சொந்த ஜனமான இஸ்ரவேலரை. எட்டாம் வசனத்தில் 'பாதகரே' என்று கூப்பிடுவதும் அவர்களைத்தான். சபைக்குள் இருக்கிற நாம் எதையெல்லாம் தோளில் வைத்துக்கொண்டு அலைகிறோம் என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அப்புறம் இன்னொன்று. இரண்டாம் வசனத்தில் சிலைகள் சுமைகளைத் 'தப்புவிக்கமாட்டாது'. நான்காம் வசனம் முடிவது 'தப்புவிப்பேன்' என்று. இரண்டுக்கும் எபிரெயத்தில் 'மாலத்' என்ற ஒரே வேர். இந்த இடத்தில் தமிழும் அதை அப்படியே வைத்திருக்கிறது. உங்கள் வேதாகமத்தில் அந்த இரண்டு சொல்லையும் பென்சிலால் கோடு போட்டு இணைத்துவிட்டு, அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்துப் பாருங்கள்.