கடைசி வார விலை

மதியச் சாப்பாட்டு மேசையில் நண்பர் போனை நீட்டினார். ரொறன்ரோவிலிருந்து டொமினிக்கன் குடியரசின் கடற்கரை ஊரான புன்ரா கானாவுக்கு நேரடி விமானம், ஞாயிறு புறப்பாடு. போன மாதம் பார்த்ததில் பாதி விலை!

மந்திரம் ஒன்றுமில்லை. சாட்டர் (வாடகை) விமானத்தைச் சுற்றுலாக் கம்பனிகள் முழுதாகவே பிடித்துவைக்கின்றன. பறந்த பிறகு வெறும் சீற்றை யாருக்கு விற்பது? அதனால் கடைசி வாரத்தில் இறக்கிவிடுகிறார்கள். சிலவேளை ஹோட்டலும் சாப்பாடும் சேர்த்தே தனி ரிக்கெற்றைவிட மலிவாக வந்துவிடும். (பெட்டிக்குத் தனிக் காசு, அதையும் பாருங்கோ.)

அங்கே விமான நிலையத்துக்கே ஓலை வேய்ந்த கூரை. படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஊர்ச் சனம் கண்டால் நக்கலடிக்காமல் விடாது.

ஆனால் இந்த விலை, நினைத்தவுடன் லீவு எடுக்க முடிந்தவர்களுக்குத்தான். ஷிப்ட் வேலைக்காரரும் பள்ளிக்கூடப் பிள்ளை வைத்திருப்பவர்களும் மார்ச் விடுமுறையில் முழுக்காசு கொடுத்துத்தான் கடல் பார்க்க வேண்டும்.

மனிசி இன்னும் லீவு கேட்கவில்லை. நாளைக்குள் விலை ஏறாவிட்டால் சரி.