சிலிகாவில் உப்பு அளக்கும் படகில் ஒரு நாள்

ஒடிசாவின் சிலிகா ஏரிக்குப் போய்வந்தேன் என்று சொன்னதும் எல்லாரும் கேட்டது "டால்ஃபின் பார்த்தியா?" என்றுதான். பார்த்தேன், ரெண்டு தடவை முதுகு மட்டும் தெரிந்தது, சரி அதை விடுங்கள். எனக்குச் சொல்ல வேண்டியது வேறு. தொண்ணூறுகளில் கிட்டத்தட்ட கைவிடும் நிலைக்குப் போன ஒரு ஏரியைத் தேற்றியெடுத்து, இன்றைக்கும் மாதாமாதம் முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் அதன் தண்ணீரை எடுத்துச் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள், அப்படிப்பட்ட ஒரு படகில் ஏறிக்கொள்ள எனக்கு இடம் கிடைத்தது. நண்பனுக்குத் தெரிந்த ஆராய்ச்சி மாணவர் ஒருவர் ஏற்பாடு செய்தார், பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை.

சென்னையிலிருந்து ஹவுரா பக்கம் போகும் ரயிலில் வலது ஜன்னல் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். பிரம்மபூர் தாண்டி ரம்பா வந்ததும் ஏரி கூடவே வர ஆரம்பிக்கும், பாலுகாவ் வரைக்கும் விட்டு விட்டுக் கண்ணில் படும். மழைக்காலத்தில் 1,100 சதுர கிலோமீட்டரைத் தாண்டும், கோடையில் 900 சொச்சத்துக்குச் சுருங்கும். சுருங்கின பிறகே சென்னை மாநகராட்சி மாதிரி ரெண்டை உள்ளே வைக்கலாம். ஆனால் ஆழம் என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை, பல இடங்களில் படகுக்காரர் மூங்கில் கழியை ஊன்றித்தான் தள்ளுகிறார்.

வடக்கே மகாநதியின் கிளைகள் தயாவும் பார்கவியும் வந்து விழுகின்றன (கலிங்கப் போர்க் கதையில் வரும் அதே தயாதான்). கிழக்கே மணல்திட்டுக்கு அந்தப்பக்கம் வங்காள விரிகுடா. ஆறு கொண்டுவரும் நல்ல தண்ணீரும் முகத்துவாரம் வழியாக ஏறிவரும் கடல் தண்ணீரும் கலக்கிற கலவையை நம்பித்தான் அங்கே மீன், இறால், நண்டு, பறவை, மனுஷன் எல்லாமே. கலவை மாறினால் எல்லாம் மாறும், மாறியும் விட்டது.

நம் கிழக்குக் கரையில் அலை மணலை வடக்கே தள்ளிக்கொண்டே இருக்கும், அதனால் முகத்துவாரம் ஒரே இடத்தில் நிற்காது. சிலிகாவின் வாய் அப்படி வடக்கே வடக்கே நகர்ந்து குறுகிப்போனது, ஏரிக்கும் வாய்க்கும் நடுவில் இருக்கிற நீண்ட கால்வாய் மண்ணால் மேடேறியது. கடல் தண்ணீர் ஏறவில்லை, ஆறு கொண்டுவந்த வண்டலும் வெளியேறவில்லை, உப்பு குறைந்து நாணலும் ஆகாயத்தாமரையும் பரவியது, கடலிலிருந்து வரவேண்டிய மீன்குஞ்சு வரவில்லை. 1981-இல் இந்தியாவின் முதல் ராம்சார் தலங்களில் (உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்குக் கொடுக்கிற பட்டம்) ஒன்றாக அறிவிக்கப்பட்ட ஏரி, 1993-இல் ஆபத்திலிருக்கும் ராம்சார் தலங்களுக்கான மாண்ட்ரோ பதிவேட்டுக்குப் போனது.

ஒடிசா அரசு 1991-லேயே சிலிகா வளர்ச்சி ஆணையத்தைத் தொடங்கியிருந்தது. புனேயிலிருக்கும் மத்திய நீர் மற்றும் மின் ஆராய்ச்சி நிலையம், கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனம் எல்லாரும் சேர்ந்து அலை, மணல், நீரோட்டம் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, 2000 செப்டம்பர் 23 அன்று சிபகுடா கிராமத்துப் பக்கம் மணல்திட்டை வெட்டிப் புது வாய் திறந்தார்கள். தண்ணீர் கடலுக்குப் போகிற தூரம் 18 கிலோமீட்டர் குறைந்தது. அதற்கு முன்னால் வருஷத்துக்கு 2,000 டன்னைத் தொடாமல் தடவிக்கொண்டிருந்த மீன்பாடு 2001-02-இல் 11,000 டன்னைத் தாண்டியது. 2002-இல் மாண்ட்ரோ பதிவேட்டிலிருந்து பெயரை எடுத்தார்கள், ஆசியாவில் அப்படி வெளியே வந்த முதல் இடம் இதுதான், அதே வருஷம் ராம்சார் விருதும் கிடைத்தது.

நிறையப் பேர் இந்த இடத்தில் சுபம் போட்டுவிடுகிறார்கள். படகில் ஒரு பகல் உட்கார்ந்துவிட்டு வந்த எனக்கு அப்படிப் போட மனசு வரவில்லை.

காலை ஏழு மணிக்கே கிளம்பினோம். முதல் நிறுத்தத்தில் மாணவர் ஒரு சின்னக் குழல் மாதிரியான கருவியை எடுத்து, அதன் கண்ணாடியில் ஏரித் தண்ணீரை ஒரு சொட்டு விட்டு மூடி, வெளிச்சத்துப் பக்கம் திருப்பி என்னிடம் கொடுத்தார். உள்ளே அளவுகோல், நீலமும் வெள்ளையும் சந்திக்கிற கோடு எங்கே நிற்கிறதோ அதுதான் உப்பு, ஆயிரத்துக்கு எத்தனை பங்கு என்ற கணக்கில். வாய்க்குப் பக்கத்தில் அது இருபதுக்கு மேலே நின்றது, சுத்தக் கடல் என்றால் 35. வடக்குப் பக்கம் போய் அதே மாதிரி ஒரு சொட்டு விட்டபோது ஐந்தைக்கூடத் தொடவில்லை. ஒரே ஏரி, ஒரே நாள்.

அப்புறம் கறுப்பும் வெள்ளையும் பூசிய வட்டத் தட்டைக் கயிற்றில் இறக்குவது. கண்ணுக்கு மறைகிற ஆழத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் வேலை, நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாக உலகம் முழுக்க இதே முறைதான். வடக்கே ஒரு முழம் இறங்குவதற்குள் தட்டு காணாமல் போனது, அத்தனை வண்டல். தெளிவு இல்லையென்றால் அடியில் வெளிச்சம் போகாது, வெளிச்சம் போகாவிட்டால் கடற்புல் வளராது, குஞ்சு மீனுக்கு ஒதுங்க இடம் இருக்காது.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஆக்சிஜன் பார்க்கிற முறை. கண்ணாடிப் புட்டியில் காற்றுக்குமிழி ஒன்றுகூட இல்லாமல் தண்ணீரை நிரப்பி, ரெண்டு மருந்தை ஒன்றன்பின் ஒன்றாக விட்டு மூடிக் குலுக்கினால், உள்ளே பழுப்பு நிறத்தில் பால் திரிந்த மாதிரி திரிதிரியாக ஏதோ உண்டாகி மெல்ல அடியில் உட்காருகிறது. ஆக்சிஜன் சுத்தமாக இல்லையென்றால் வெள்ளையாகவே நிற்குமாம். மீதி ஆய்வுக்கூடத்தில்.

தண்ணீரின் தெளிவு, ஆக்சிஜன், பாசி, மீன்பாடு, உயிரினங்கள் என்று இந்த அளவுகளையெல்லாம் சேர்த்து 2012-ஆம் ஆண்டு நிலையை வைத்து ஏரிக்கு மதிப்பெண் அட்டையே போட்டார்கள். அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவுக்கு அந்த மாதிரி அட்டை போட்டுப் பழகிய மேரிலாந்து பல்கலைக்கழகச் சுற்றுச்சூழல் மையம் கூட இருந்து செய்துகொடுத்தது. ஒட்டுமொத்தமாக பி கிரேடு. ஒட்டுமொத்தம் என்பதில் எனக்கு நம்பிக்கை கம்மி, நான் பார்த்த வடக்கும் வாய்ப்பக்கமும் ஒரே கிரேடுக்குள் அடங்குகிற சமாச்சாரமாகத் தெரியவில்லை. நல்லவேளையாக அட்டையில் பகுதி பகுதியாகவும் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

எங்கள் படகோட்டி ரம்பா பக்கத்துத் தெலுங்கு மீனவர், எனக்குத் தெரிந்த சென்னைத் தெலுங்கை வைத்துச் சமாளித்தேன். இவ்வளவு அளக்கிறார்களே, உங்களுக்கு ஏதாவது பிரயோஜனம் உண்டா என்று கேட்டதற்கு, கழியால் தண்ணீருக்குள் நிற்கிற மூங்கில் வேலி ஒன்றைக் காட்டினார். "உப்பை அளக்குறீங்க, மண்ணை அளக்குறீங்க, சரி சார். இதை யார் அளக்குறது?" அதுதான் கெரி, அதாவது மூங்கிலும் வலையும் கட்டி வளைத்துப்போட்ட இறால் பண்ணை. கெரி நீரோட்டத்தை மறிக்கும், வண்டலைத் தேக்கும், மீன் நடமாட்டத்தையும் சிறு மீனவர் வலை போடுகிற இடத்தையும் அடைத்துவிடும்.

இதில் நம்மூர்த் தொடர்பு ஒன்று இருக்கிறது, எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்குமோ தெரியாது. தமிழ்நாட்டு சர்வோதயத் தலைவர் எஸ்.ஜெகந்நாதன் இறால் பண்ணைகளுக்கு எதிராகப் போட்ட வழக்கில்தான் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது, சிலிகாவையும் பழவேற்காட்டையும் பெயர் சொல்லி, கரையிலிருந்து 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணை கூடாது என்றார்கள். அதற்கப்புறமும் 1999 மே மாதம் சோரணா கிராமத்தில் இந்தக் கெரி விவகாரத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்து நாலு பேர் இறந்தார்கள். ஒரிசா உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு ஆயிரக்கணக்கான ஏக்கரில் கெரிகளைப் பிடுங்கியிருக்கிறார்கள். பிடுங்கிய இடத்தில் மறுபடி முளைக்கிறது என்றார் படகோட்டி, அவர் காட்டிய மூங்கில் பச்சை மாறாமல் புதுசாகத்தான் இருந்தது.

வெட்டின வாயும் வெட்டின இடத்தில் நிற்கவில்லை. 2013 பைலின் புயல் வேறு வாய் திறந்துவிட்டுப் போனது, திறந்ததெல்லாம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. கடல் தண்ணீர் ஒரேயடியாக ஏறினாலும் வம்புதான், நல்ல தண்ணீர் மீன் வடக்கே ஒதுங்கிவிடும். அதனால்தான் அளப்பதை நிறுத்த முடியாது. பழவேற்காட்டில் முகத்துவாரம் தூர்ந்துபோகும்போதெல்லாம் மீனவர்கள் திறந்துவிடச் சொல்லிப் போராடுகிறார்கள், நியாயமான கோரிக்கை, திறக்கத்தான் வேண்டும். ஆனால் அங்கே திறப்புக்கு ஒதுக்குகிற பணத்தோடு, திறந்த பிறகு மாதாமாதம் அளக்க ஆள், படகு, சம்பளம் எல்லாவற்றுக்கும் இருபது வருஷத்துக்குச் சேர்த்து ஒதுக்கணும் என்பேன். சிலிகா ஆணையம் மாதிரி அந்த வேலைக்கென்றே ஒரு அமைப்பும் வேண்டும்.

போகிறவர்களுக்கு: நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம், ஜனவரியில் பறவைக் கணக்கெடுப்பு, சமீப வருஷங்களில் பத்து லட்சத்துக்கு மேல் எண்ணுகிறார்கள். அதிகமாக இருப்பது நளபன தீவைச் சுற்றி. டால்ஃபினுக்கு பூரியிலிருந்து சதபடா போங்கள், ஏரியில் மொத்தமே 150-ஐ ஒட்டித்தான் இருக்கின்றன, நெருங்கினதும் இன்ஜினை நிறுத்தச் சொல்லுங்கள், துரத்தச் சொல்லிக் காசு கொடுக்காதீர்கள். நடுவில் மணல்திட்டில் இறக்கிவிட்டு, கண்ணெதிரே சிப்பியை உடைத்து முத்து எடுத்துக் காட்டுவார்கள். ஆயிரம் ரூபாயில் ஆரம்பித்து, நாம் திரும்பி நடந்தால் நூறுக்கு வருவார்கள். அந்த நூறையும் கொடுக்காமல் பாலுகாவ் வந்து நண்டு சாப்பிடுங்கள்.