நாலு இனம், எட்டுக் கோழி, ஒரே கூண்டு: இதுவரை பார்த்தது

பின்பக்கம் எட்டுக் கோழி வளர்ப்பது என்று முடிவானதும், எல்லாம் ஒரே இனமா இல்லை கலந்தா என்ற கேள்விதான் முதலில் வந்தது. ஒரே இனம் என்றால் தலைவலி குறைவு. பசி, உடம்பு, குணம் எல்லாம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். கலந்து வளர்க்க நினைத்ததற்கு அழகும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் முக்கியக் காரணம் முட்டையின் நிறம். எட்டும் ஒரே மாதிரி செங்கோழிகளாக இருந்தால், ஒன்று முட்டையை நிறுத்திவிட்டாலும் அது எது என்று கண்டுபிடிக்க நாளாகும். இனத்துக்கு ஒரு நிறம் என்றால் முட்டைக் கூடையே வருகைப் பதிவேடு ஆகிவிடும்.

இனம் தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது வருடத்துக்கு எத்தனை முட்டை என்பதைத்தான். ஆஸ்ட்ரலார்ப் இனத்தில் ஒரு கோழி 1920களில் 365 நாளில் 364 முட்டை இட்டது என்ற சாதனையை எல்லாரும் சொல்வார்கள். அது போட்டிக்காகத் தனியாகக் கவனித்து வளர்த்த ஒரு கோழியின் கணக்கு. அதை வைத்து வீட்டுக் கோழியிடம் எதிர்பார்க்கக் கூடாது. நான் முதலில் பார்த்தது குணம். எட்டும் ஒரே தட்டில் தின்று, ஒரே கம்பில் தூங்கப் போகின்றன. ஒன்று ரவுடியாக இருந்தால் மற்ற ஏழும் அதற்கு விலை கொடுக்கும்.

அப்படிக் கழித்துக்கொண்டே வந்தேன். சில்கி பார்க்க அத்தனை அழகு. ஆனால் அதன் இறகில் தண்ணீர் வழிந்தோடாது, ஊறிவிடும். உயரக் கம்புக்குப் பறக்கவும் முடியாது. போலிஷ் கோழிக்குத் தலைக்கொண்டை இறகு கண்ணையே மறைக்கும், கொத்த வருவது யார் என்றே அதற்குத் தெரியாது. இந்த இரண்டும் தங்களுக்குள் நன்றாக வாழும், சுறுசுறுப்பான இனங்களோடு சேர்த்தால்தான் பாவம். அசீல் தலைமுறை தலைமுறையாகச் சண்டைக்கென்றே தேர்ந்தெடுத்து வளர்த்த இனம், பெட்டைகளும் விட்டுக்கொடுக்காது. ரோட் ஐலண்ட் ரெட் நன்றாக முட்டையிடும், நோயும் தாங்கும். கூட்டத்தில் அதிகாரம் செய்யும் என்று வளர்த்தவர்கள் பலரும் சொன்னதால் அதைத் தள்ளிவைத்தேன். கறிக்கான பிராய்லர் பேச்சே இல்லை. ஆறேழு வாரத்தில் எடை ஏற வேண்டும் என்று உருவாக்கியது, அதற்குமேல் வைத்திருந்தால் காலும் இதயமும் தாங்குவதில்லை.

கடைசியில் வந்தவை: வெள்ளை லெகார்ன், வரி போட்ட பிளைமவுத் ராக், மஞ்சள் ஆர்பிங்டன், அமெரோகானா. ஒவ்வொன்றிலும் இரண்டு. இந்த இரண்டு என்பது முக்கியம். கூட்டத்தில் தன்னைப் போல் வேறு யாரும் இல்லாத ஒற்றைக் கோழிதான் அதிகம் கொத்து வாங்கும். ஜோடி இருந்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டே திரியும்.

எட்டுக் குஞ்சும் ஒரே நாளில் வந்தன. குஞ்சுப் பெட்டியில் முதல் வாரம் சூடு தரும் விளக்கின் கீழே 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வருவது என்பது பொதுக் கணக்கு. பல இனம் இருக்கும்போது இந்தக் கணக்கு கொஞ்சம் தடுமாறும். லெகார்ன் குஞ்சுக்கு இறகு சீக்கிரம் முளைக்கிறது, ஆர்பிங்டனுக்கு மெதுவாக. அதனால் விளக்கைப் பெட்டியின் ஒரு முனையில் மட்டும் வைத்தேன். கொஞ்ச நாளிலேயே பெட்டி தானாகப் பிரிந்துவிட்டது: குளிர்ந்த முனையில் லெகார்ன் இரண்டும் குட்டி இறக்கையை அடித்துப் பழகிக்கொண்டிருக்கும், விளக்குக்கு நேர் கீழே ஆர்பிங்டன் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து தூங்கும்.

வளர்ந்தபின் யார் தலைமை என்பது எடையை வைத்து அமையவில்லை. ஆர்பிங்டன் பெட்டை மூன்றரை கிலோவைத் தொடும். லெகார்ன் இரண்டு கிலோதான். ஆனாலும் தட்டில் தீவனம் விழும் சத்தம் கேட்டதும் லெகார்ன் முதலில் பாய்ந்து வந்து, ஆர்பிங்டனின் கழுத்தில் ஒரு கொத்து வைக்கும். அந்தப் பெரிய உடம்பு இரண்டடி பின்வாங்கி, ஒன்றும் நடக்காதது போல் மண்ணைக் கிளறும். பிளைமவுத் ராக் இரண்டும் யாரையும் விரட்டாமலே மேலிடத்தில் இருக்கின்றன. தட்டை இரண்டாக்கி, ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது தெரியாதபடி வைத்ததும் ஆர்பிங்டனின் தீனிப்பை மாலையில் நிறைய ஆரம்பித்தது. தினமும் மார்புக்கு மேலே தொட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

பல இனம் வைப்பதில் நிஜமான சிக்கல் தீவனம்தான். லெகார்ன் பதினெட்டு, இருபது வாரத்திலேயே முட்டையைத் தொடங்கிவிடும். ஆர்பிங்டனுக்கு ஆறு மாதம் தாண்டலாம். முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து மூன்றரை, நான்கு சதவீதம் இருக்கும். முட்டையிடும் கோழிக்கு அது வேண்டும், இன்னும் பருவம் வராத கோழிக்கு அதுவே சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஒரே கூண்டில் இரண்டு பேருக்கு இரண்டு சமையல் எப்படிச் செய்வது? எல்லாருக்கும் வளர்கோழித் தீவனத்தையே தொடர்ந்து, கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைத்துவிட்டேன். லெகார்ன் தானாகப் போய்க் கொத்தியது, மற்றவை ஒன்றிரண்டு கொத்தில் சலித்துத் திரும்பிவிட்டன. தேவையான உடம்பு தேவையானதை எடுத்துக்கொள்கிறது. கடைசிக் கோழியும் முட்டையிட்ட பிறகே தீவனத்தை மாற்றினேன்.

தூங்கும் கம்பு விஷயத்திலும் இதே கதை. லெகார்னுக்கு உயரம் வேண்டும். ஆர்பிங்டன் உயரத்திலிருந்து தொப்பென்று குதித்தால் பாதத்தில் காயம் பட்டுப் புண் வைக்கும். முழங்கால் உயரத்தில் அகலமான கட்டை ஒன்று, அதற்குப் பின்னால் சற்று உயரத்தில் இன்னொன்று. வெளி அடைப்புக்கு மேலே வலையும் போட்டாயிற்று. லெகார்ன் நாலடி வேலியைச் சும்மா தாண்டும்.

இப்போது கூடைக்கு வருவோம். வெள்ளை என்றால் லெகார்ன், சந்தேகமே இல்லை. அமெரோகானாவில் ஒன்று வெளிர்நீலம், இன்னொன்று பச்சை. பச்சை இடுவது அசல் அமெரோகானா இல்லை, ஈஸ்டர் எக்கர் எனப்படும் கலப்பு. இரண்டையும் ஒரே பெயரில் விற்பது சகஜம், எனக்கு அதில் வருத்தமில்லை, அடையாளம் கண்டுபிடிக்க இன்னும் வசதி. நீல முட்டையை உடைத்து ஓட்டின் உட்புறத்தைப் பாருங்கள், உள்ளேயும் நீலம்தான். பழுப்பு ஓட்டின் உட்புறம் வெளிறியிருக்கும். நீல நிறமி ஓடு முழுக்கக் கலந்திருக்கும், பழுப்போ கடைசியில் மேலே பூசும் பூச்சு. நீல ஓட்டின்மேல் அந்தப் பழுப்புப் பூச்சு விழுந்தால் பச்சை. பிளைமவுத் ராக்கும் ஆர்பிங்டனும் பழுப்பு என்பதால் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். ஆர்பிங்டனுடையது வெளிறியிருக்கும்.

அந்தப் பதிவேடு வேலை செய்ததும் ஆர்பிங்டனால்தான். வெளிர்ப்பழுப்பு ஒன்று குறைந்தது. போய்ப் பார்த்தால் முட்டையிடும் பெட்டியில் இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கையை நீட்டினால் உறுமிக்கொண்டு, அடைக்குப் படுத்துவிட்டது. சேவல் இல்லை, எந்த முட்டையும் பொரியப் போவதில்லை, அது அதற்குத் தெரியவா போகிறது! விட்டால் சரியாகத் தின்னாமல் குடிக்காமல் வாரக்கணக்கில் இளைத்துவிடும். அடியில் காற்றோட்டம் உள்ள கம்பிக் கூண்டில் தீவனமும் தண்ணீரும் வைத்து, தரையிலிருந்து உயர்த்திச் சில நாள் வைத்ததும் தெளிந்துவிட்டது. வயிற்றுக்கடியில் சூடு சேராததுதான் வைத்தியம். லெகார்னில் அடை ஆசை அநேகமாக வராது, அந்தக் குணத்தை மனிதர்கள் எப்போதோ கழித்துவிட்டார்கள்.

கோழிக்கு நாலு சதுர அடி என்ற கணக்கில் கூண்டில் இன்னும் இரண்டுக்கு இடம் இருக்கிறது. அடர் சாக்லேட் நிறத்தில் முட்டையிடும் மாரான்ஸ் இரண்டைச் சேர்க்கலாம் என்று இருக்கிறேன். சாதுவான இனம், நிறமும் எதோடும் குழம்பாது. வந்ததும் ஒரு மாதம் தனியிடம், பிறகு கம்பி வலைக்கு அந்தப்பக்கம் சில நாள், அப்புறம் இருட்டியபின் கம்பில் ஏற்றிவிடுவது. லெகார்ன் என்ன சொல்லும் என்பதுதான் பார்க்க வேண்டியது.